கத்தி வைக்காதே, பிள்ளையாரே

என் நெஞ்சுக்குள் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு கட்டி இருக்கிறதென்று தெரிய வந்த நாளில் எனக்கு ஒரு இருமல்கூட இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, நோவு இல்லை, மெலிவும் இல்லை. மெலிந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன், அது வேறு கதை. வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வருகிற நீங்கள் எத்தனையோ தடவை கேட்டும், பிறகு சொல்கிறேன் பிறகு சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் கண்டியில் ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியை. ஊர் யாழ்ப்பாணம். கணவருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞர் வேலை. கெட்டம்பேப் பக்கம் வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யுத்த காலம்; தலதா மாளிகையடியில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம் அது. பஸ்ஸில் ஏறினால் தமிழில் வாய் திறக்க யோசிப்போம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி நிற்க வேண்டும்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு எங்கள் விடுதிப் பிள்ளை ஒருத்திக்குக் கசநோய் என்று கண்டுபிடித்தார்கள். அவளுக்கு மருந்து தொடங்கிவிட்டு, அவளோடு பழகிய எல்லோரையும் நெஞ்சு எக்ஸ்றே எடுக்க வரச்சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு போனேன். ஒரே மூச்சில் ஒரு பதிகத்தின் முழு அடியையும் இழுத்துப் பாடுகிறவளுக்கு நெஞ்சில் என்ன வரப்போகிறது என்று மற்ற ஆசிரியைகளிடம் பீற்றினேன். எல்லோருடைய படமும் சுத்தம். என்னுடைய படத்தில் மட்டும் வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

நெஞ்சு நோய் டொக்டர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். குரலை உயர்த்தாத மனிதர். சளியைப் பரிசோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், கசநோய்க் கிருமி ஒண்டும் இல்ல. ஆனா இது என்னண்டு இப்பவே சொல்லேலாது” என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் யாரும் சிகரெட் குடிக்கிறார்களா, விறகடுப்பா, முன்னர் நெஞ்சில் சளி பிடித்ததா. கடைசியில், “மருந்து, கசாயம், வேற என்ன சரி பாவிக்கிறீங்களா?” என்றார், வேறு ஏதாவது எடுக்கிறேனா என்று.

“ஒண்டும் இல்லை, டொக்டர். நான் தலையிடிக்குக்கூடக் குளிசை போடுறேல்லை.”

பெருமையாகத்தான் சொன்னேன். இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

“அப்ப கொஞ்சம் பொறுத்து இன்னொரு படம் எடுப்போம்” என்றார் அவர். புற்றுநோய் என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரத்தில் இருந்து நானே அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

எனக்குச் சாவைவிடக் கத்திதான் பயம். நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தால் மூச்சு குறையும். மூச்சு குறைந்தால் பாட்டுப் போய்விடும். பாட்டில்லாத என்னை எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னால் விழுந்து அழுதேன். “என்னில் கத்தி வைக்க விடாதே. கத்தி இல்லாமல் இதைக் கரைத்துவிடு. தினமும் விடியற்காலைப் பூசைக்கு வந்து உனக்குப் பாடுகிறேன்” என்று நேர்த்தி வைத்தேன்.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஒரு தமிழ்ப் பெண் கண்டி வீதியில் நடப்பது சின்ன விசயம் இல்லை. “உன்ரை பிள்ளையாருக்கு ஒன்பது மணிக்குப் பாடினால் கேக்காதோ?” என்று என் கணவர் முணுமுணுத்தார். ஆனால் ஒரு நாளும் என்னைத் தனியே விடவில்லை. சால்வையால் காதை மூடிக்கொண்டு, இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

கண்டிப் பனி தொண்டையைக் கட்டிப்போடும். அதற்கு எங்கள் வீட்டில் பாடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. படுக்கும்போது மல்லாந்து கிடந்து, இளஞ்சூட்டில் நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மூக்கில் விட்டு உள்ளே இழுப்போம். தொண்டைக்குள் வழுவழுவென்று இறங்கும். காலையில் குரல் கணீரென்று இருக்கும். சின்ன வயதிலிருந்தே செய்து வந்தேன். நேர்த்தி வைத்த பிறகு, பிள்ளையாருக்குப் பிசிறில்லாமல் பாட வேண்டுமென்று, எழும்பியதும் இன்னொரு தடவை விட்டேன். எண்ணெய்ப் போத்தல் சாமியறையில் பிள்ளையாரின் காலடியில்தான் இருக்கும். கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

கோயிலில் என் குரல் அப்படி எழும்பியது. ஐயர்கூட மணியை வைத்துவிட்டு நின்று கேட்டார். இது நல்ல சகுனம் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையோடுதான் அடுத்த படத்துக்குப் போனேன்.

வட்டம் பெரிதாகியிருந்தது.

டொக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துப் பார்த்தார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் பாடப் பாட அது வளர்ந்திருக்கிறது. வெளியே வந்து மரத்தடியில் நின்று கணவரிடம் சொன்னேன்: “இஞ்சாருங்கோ, நான் கேட்டது பிள்ளையாருக்குக் கேக்கேல்லை.” அவர் குடையை விரித்தார். மழை அப்போது தொடங்கவே இல்லை.

என்னைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் சிங்களவர், கண்டிப்பானவர், நேராகப் பேசுகிறவர். வளருகிற கட்டியை விட்டு வைக்க முடியாது, நெஞ்சைத் திறந்து அந்தப் பகுதியை எடுப்பதுதான் பாதுகாப்பு என்றார். அதற்கு முன் கொழும்பில் ஸ்கான் எடுத்து வரச்சொன்னார்.

குறித்த நாள் விடிந்ததும் பயணிகள் வான் வண்டியில் புறப்பட்டோம். கடுகண்ணாவை இறக்கத்தில் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். எங்கள் அட்டைகளைப் பார்த்ததும் இரண்டு பேரையும் ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் என் கையிலிருந்த பெரிய உறையைப் பிடுங்கி, எக்ஸ்றேயை வெளியே இழுத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். வெள்ளை வட்டத்தின்மேல் விரலை வைத்தான்.

“மொகத மே?” என்றான், இது என்ன என்று.

“அசனீபய், மாத்தயா” என்றார் என் கணவர். சுகமில்லை, ஐயா. அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

அவன் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். என் மாணவிகளின் தமையன் வயதுதான் இருக்கும். படத்தை மடிக்காமல் உறைக்குள் போட்டுத் தந்தான். ஆனாலும் விடவில்லை. எங்கள் விபரத்தைப் பொலிசுக்குச் சொல்லிப் பதில் வர வேண்டுமாம். வான் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. நாங்கள் வீதியோரத்தில் வெயிலில் நின்றோம். போகலாம் என்று சொன்னபோது, கொழும்பில் எங்களுக்குத் தந்த நேரம் போயே போய்விட்டது. அடுத்த தவணை பல வாரங்களுக்குப் பிறகுதான் என்றார்கள்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, ஸ்கான் இல்லாமலே செய்வோம் என்று நிபுணர் முடிவெடுத்தார். நாள் குறித்தாயிற்று. நான் வார்ட்டில் சேர்ந்தேன். தாலிக்கொடியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தேன். கழுத்தில் மஞ்சள் நூல் மட்டும் இருந்தது. இரத்தம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். நான் சாகிறதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். அழுது அழுது ஒரு மாதிரி ஓய்ந்து போயிருந்தேன்.

சத்திரசிகிச்சைக்குக் குறித்த அன்று காலை தாதி வந்து, “இன்டைக்கு இல்ல” என்றாள்.

வடக்கில் பெரிய சண்டை. காயப்பட்ட ஆமிக்காரரைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். சத்திரசிகிச்சை அறைகள் எல்லாம் அவர்களுக்கு. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர்கள். என்னைப் போன்றவர்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

சகோதரிகளே, அன்று நான் பிள்ளையாரைத் திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன். “கரைக்கச் சொன்னேன், வளர்த்தாய். ஸ்கானுக்குப் போனேன், மறித்தாய். கடைசியில் கத்திக்கும் சம்மதித்து வந்தேன், அதையும் தட்டிவிட்டாய். உனக்கு என்னில் அப்படி என்ன கோபம்?” பக்கத்துக் கட்டில் பெண் பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அந்தச் சண்டையைப் பிள்ளையார் எனக்காக உண்டாக்கினார் என்று நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன். அந்த ஸ்ட்ரெச்சர்களில் கிடந்ததும் பெற்றவர்களுடைய பிள்ளைகள். அவர்களோடு மோதியவர்களும் அப்படித்தான். கடுகண்ணாவையில் என் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தவன் அதில் இருந்தானோ என்னவோ. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவனைக் காணவில்லை. அவனுக்காகவும் கும்பிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று எனக்கு ஒரு இடைவெளி கிடைத்தது.

அந்த இடைவெளியில்தான் நெஞ்சு நோய் டொக்டர் என் கட்டிலடிக்கு வந்தார்.

“ஒப்பரேசன் தள்ளிப்போச்சாம் என்ன? சும்மா இருக்கிற நேரத்தில நான் ஒருக்கா குழாய் விட்டுப் பாக்கிறேன். மெல்லிய குழாய், வெட்டுக் கொத்து ஒண்டும் இல்ல. உள்ளுக்குக் கொஞ்சம் தண்ணி விட்டுக் கழுவி எடுத்துப் பாப்போம்.”

“குழாய் எதாலை போகும்?”

“மூக்கால, குரல் நாணுக்கு நடுவால.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சருடைய குரல் எனக்குத் தெரியும். பக்குவமாப் போவேன்” என்றார்.

தொண்டை விறைக்க மருந்து தெளித்தார்கள். நினைவு இருக்கும்போதே குழாய் இறங்கியது. மூச்சு அடைத்தது. கண்ணால் நீர் ஓடியது. மனதுக்குள்கூட என்னால் பாட முடியவில்லை. “பிள்ளையாரே” என்ற ஒரு சொல்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை.

பின்னேரம் டொக்டர் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலோடு வந்தார். உள்ளே பால்போல் கலங்கிய நீர். போத்தலைச் சரித்துக் காட்டினார். மேலே வட்டம் வட்டமாக ஏதோ மினுங்கியது.

“டீச்சர், இங்க பாருங்க. கறி ஆணத்துக்கு மேல மிதக்கிற மாதிரி எண்ணெய் ஈக்கி. நெஞ்சுக்குள்ள எண்ணெய் எப்பிடி வந்த?”

“எனக்கென்ன தெரியும்? நான் எண்ணெய் குடிக்கிறேல்லை.”

“குடிக்கத் தேவல்ல. மூக்கால விடுறீங்களா?”

வார்ட்டுக்கு வரும்போதும் அதைக் கொண்டு வந்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியைத் திறந்து, திருநீற்றுப் பொட்டலத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“இது மருந்தில்லை, டொக்டர். இது சாமிக்கு வைச்சது.”

அவர் சிரிக்கவில்லை. போத்தலை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். “எங்கட ஊட்டுலயும் புள்ளைகளுக்கு மூக்குல எண்ணெய் விடுற. நான் சண்டை புடிச்சித்தான் நிப்பாட்டின” என்றார். பிறகு கட்டில் ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். படுத்துக்கொண்டு விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் இறங்கிவிடும். இறங்கினதை இருமித் துப்பவும் முடியாது. அங்கேயே தங்கி, சுற்றிவர வீங்கிக் கட்டியாகும். படத்தில் புற்றுநோய் மாதிரியே தெரியும்.

“அப்ப கத்தி வேண்டாமோ?”

“அவசரப்படாதீங்க. கழுவின தண்ணியில கெட்ட கலம் ஈக்கிதாண்டு பாக்கணும். ஸ்கானும் எடுக்கணும்.”

பரிசோதனையில் புற்றுநோய்க் கலம் ஒன்றும் இல்லை என்று வந்தது. இந்த முறை கொழும்புக்குப் போக அவரே கடிதம் எழுதித் தந்தார். கடுகண்ணாவையில் மறித்தார்கள், ஆனால் விட்டார்கள். ஸ்கானில் கட்டிக்குள் கொழுப்பு தெரிந்தது. இருந்தும் அவர் நூற்றுக்கு நூறு உறுதி தரவில்லை. எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டும், வீக்கம் வற்றக் கொஞ்ச காலம் குளிசை போட வேண்டும், சொன்ன தவணைக்குத் தவறாமல் படம் எடுக்க வேண்டும். சுருங்கினால் வெட்டத் தேவையில்லை. “சுருங்காட்டி நானே உங்கள சேர்ஜனுக்கிட்டக் கூட்டிட்டுப் போற” என்றார்.

இதற்குள் சத்திரசிகிச்சை அறையும் ஓய்ந்துவிட்டது. நிபுணர் சொன்னார்: பொறுத்துப் பார்ப்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஒரு படம்கூடத் தவறக்கூடாது, முடிவு உங்களுடையது. வீட்டில் என் கணவர் முதல் தடவையாகச் சத்தம் போட்டார்.

“எடுத்துப் போட்டால் நிம்மதி! உள்ளுக்கை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைக்க ஏலாது, பரமேஸ்.” பிறகு குரல் உடைந்து, “கோயிலிலை பூக்கட்டிப் பாப்பம். வெள்ளை வந்தால் பொறுப்பம், சிவப்பு வந்தால் வெட்டுவம்” என்றார்.

“பிள்ளையார் எண்ணெயைப் போத்தலிலை பிடிச்சுக் காட்டிப்போட்டார். இதுக்கு மேலை என்ன பூ?” என்றேன்.

எண்ணெயை நிறுத்தினேன். குரல் போய்விட்டது. பனியில் வாயைத் திறந்தால் கரகரவென்று காற்றுத்தான் வந்தது. குளிசையால் முகம் வேறு உப்பி வீங்கியது. ஆனாலும் நேர்த்தியை விடவில்லை. ஐயர் மணியைக் கீழே வைக்காமல் தன் வேலையைப் பார்த்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை நான் பிள்ளையாருக்குப் பாடியதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் பாதி ஐயருக்கும் மீதி எனக்குமே பாடியிருக்கிறேன். அந்தக் கெட்ட குரலில் பாடியதுதான் பிள்ளையாருக்கு.

முதல் படம். வட்டம் அப்படியே இருந்தது. வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. “வளரல்ல, அது நல்லது” என்றார் டொக்டர். அந்த மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். சட்டியில் மரக்கறி கருகும், நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். வகுப்பில் தாளம் போடும் கை பாதியில் நின்றுவிடும். இரவில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படுப்பேன். கரைகிறாயா, வளர்கிறாயா என்று அதனோடுதான் பேச்சு.

அடுத்த படத்தை டொக்டர் ஒளிப்பெட்டியில் மாட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு என் கணவர் விம்மும் சத்தம் கேட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் அவர் அழுதுகொண்டே சிரிக்கிறார். ரூபாய்க் குற்றியையும் தாண்டி வளர்ந்தது ஒரு பயறளவாகச் சுருங்கியிருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் டொக்டர்.

“பிள்ளையாரே” என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகு எடுத்த படங்களில் மெல்லிய கோடு ஒன்றுதான் மிஞ்சியது. அது இன்றும் இருக்கிறது. யுத்தமும் முடிந்து எத்தனையோ வருடம் போய்விட்டது. நான் இன்னும் பாடுகிறேன். பழைய கணீர் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. அதைத்தான் நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் கேட்கிறீர்கள், பொறுத்துக்கொள்கிறீர்கள். கசநோய் வந்த அந்தப் பிள்ளை மருந்தை முழுதாக முடித்துச் சுகமாகி, இப்போது தானும் ஒரு ஆசிரியை. அவளுக்கு வந்ததால்தான் எனக்குள் இருந்தது தெரிந்தது. ஒவ்வொரு சதுர்த்திக்கும் அவள் பேரிலும் டொக்டரின் பேரிலும் அருச்சனை செய்கிறேன். அந்த நல்லெண்ணெய் இப்போது விளக்குக்குப் போகிறது.

நெஞ்சில் கட்டி என்று கேட்டுப் பயந்து போயிருக்கும் சகோதரி யாராவது இதை வாசித்தால், நம்புங்கள். என் கட்டி கரைந்தது போல எல்லாம் கரையும் என்று நான் சொல்லவில்லை. சிலதுக்குக் கத்திதான் வழி. அப்படியென்றால் அந்தக் கத்தியைப் பிடிக்கிற கையிலும் பிள்ளையார் இருப்பார். அழுங்கள், நேர்த்தி வையுங்கள், வேண்டுமென்றால் என்னைப் போலத் திட்டவும் செய்யுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ஆனால் டொக்டர் கேட்கும்போது எல்லாவற்றையும் சொல்லுங்கள். சாமியறையில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளையார் எனக்கு எவ்வளவு பிந்திப் பதில் சொன்னார் என்று நெடுநாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிந்தவே இல்லை. முதல் நாளே, அந்த டொக்டரின் வாயில் வந்து, வேற என்ன சரி பாவிக்கிறீங்களா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னது நான்தான்.